ஐயுருபும் ஜேர்மானியரின் தமிழ் இலக்கணங்களும்

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே வாவியை அணைந்து கிடக்கும் தன்னாமுனையில் ஒருவர், ‘தம்பி மீன் பிடிக்கிறான்’ என்பார். முன்னர் நழுவிப்போன மீனொன்றைக் கருதின், ‘தம்பி அந்த மீனைப் பிடித்துவிட்டான்’ என்பார். முன்னையதில் ஐயுருபு இல்லை, பின்னையதில் உண்டு. ‘தம்பியைக் கண்டேன்’ என்னுமிடத்தோ உருபை விடுத்தல் இயலாது. எழுத்தறியாச் சிறுவனும் பிழையின்றி ஆளும் இவ்வேறுபாட்டை வாய்பாட்டில் அடக்குதல் எளிதன்று.

1672இல் ஒல்லாந்தப் பாதிரியார் பால்தேயுஸ், இலங்கை பற்றிய தம் நூலில் தமிழ்மொழிக்கு ஒரு சுருக்க அறிமுகம் சேர்த்தார். விரிவான முயற்சி சீகன்பால்குவினுடையது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய அவர், இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜேர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. தமிழ் வேற்றுமைகளை அவர் இலத்தீன் முறையைத் தழுவியே நிரல்படுத்தினார். அவ்வச்சில் ஐயுருபு ஏற்ற வடிவத்திற்கு இடமுண்டு. அது எப்பொழுது வேண்டும், எப்பொழுது வேண்டா என்னும் வினாவுக்கு இடமில்லை.

அவருடைய தாய்மொழியின் நிலையும் நோக்கத்தக்கது. ஜேர்மன் மொழியில் ஆண்பாற் பெயரின் முன் நிற்கும் ‘டெர்’ என்னும் அடைசொல், செயப்படுபொருளிடத்து ‘டென்’ எனத் திரியும். பெண்பாலின் ‘டீ’யும் அலிப்பாலின் ‘டாஸ்’உம் திரியா. ஆங்கு கன்னியைக் குறிக்குஞ் சொல்லும் அலிப்பாலே. ஆதலின் அவள் செயப்படுபொருளாயினும் வடிவம் மாறாள். தமிழிலோ அவள் உயர்திணை, உருபின்றி அமையாள். அங்கே சொல்லின் பாலும், இங்கே பொருளின் திணையும் தீர்ப்பளிக்கின்றன. எனினும் ‘எனக்கு உதவினான்’ என நாம் நான்காம் வேற்றுமை கொடுக்குமிடத்து ஜேர்மானியரும் அதற்கிணையான வேற்றுமையையே கொடுப்பர். இவ்வொற்றுமை தற்செயலானதே, இனவுறவுக்குச் சான்றாகாது.

சொற்கிடக்கையும் உருபோடு பிணைந்தது. ஜேர்மன் மொழித் தலைமைத் தொடரில் வினைமுற்று இரண்டாமிடத்தில் நிற்கும். சார்புத் தொடரில் தமிழ்போல் இறுதிக்குச் செல்லும். ‘டென்’ எனத் திரிந்த செயப்படுபொருள் முதலில் வரினும் மயக்கமில்லை. திரியாதவிடத்து வரிசையும் சூழலுமே பொருளைக் காக்கும். தமிழிலும் ‘அந்த மீனைத் தம்பி பிடித்தான்’ எனத் தடையின்றி மாற்றலாம். ‘மீன் தம்பி பிடித்தான்’ என்பது இயல்பன்று. உருபில்லாப் பெயர் வினையை ஒட்டியே நிற்கும்.

நம் இலக்கணகாரர் இதனை இரண்டாம் வேற்றுமைத்தொகை என்றனர். உருபு மறைந்தாலும் பொருள் மறையாதெனக் கண்டது பெருநுட்பமே. ஆயினும் பள்ளி நூல்கள் தொகையென்று பெயர்சூட்டியதோடு அமைந்துவிட, ‘ஏன் இங்கே தொக்கது?’ என்று மாணவன் கேட்பதற்கு வழியில்லாது போயிற்று.

1989இல் புதுச்சேரியில் வெளிவந்த தோமஸ் லேமனின் தற்காலத் தமிழ் இலக்கணம் இவ்வினாவை நேரே எடுத்துக்கொண்டது: உயர்திணைப் பெயர்க்கு உருபு கட்டாயம், அஃறிணைக்கோ, குறித்த பொருளாயின் வேண்டும், பொதுவாயின் விடலாம். சீகன்பால்குவின் நூலுக்கும் இதற்கும் இடையே இருநூற்றெழுபத்து மூன்று ஆண்டுகள். லேமனும் ஜேர்மானியரே.