நீலக் கார்டு, சிவப்புக் கார்டு, வேலை பெர்மிட்

இன்று நம் உறுப்பினர்களின் உணவகத்திலோ மளிகைக் கடையிலோ வெளிநாட்டவர் ஒருவர் வேலை கேட்டு வந்தால், முதலில் அவருடைய கடப்பிதழையும் பெர்மிட்டையும் வாங்கிப் பார்க்கிறோம். பெர்மிட் இல்லாதவரை வைத்திருந்தால் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவு முதலாளியைப் பிடிக்கும். ஓர் ஆளுக்கு 10,000 வெள்ளி முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு காலத்தில் இதே சோதனை நம் அத்தாமார்கள் மீதும் நடந்தது. நம் பிள்ளைகள் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

போருக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்து போவது பெரிய காரியமாக இருக்கவில்லை. 1933ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம் சீனர்களின் வருகையைத்தான் கட்டுப்படுத்தியது. இந்தியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் அதற்குள் வரவில்லை. 1938இல் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசே நிறுத்தியது. பிறகு 1953 ஆகஸ்டு முதல் தேதி புதிய குடிநுழைவுச் சட்டம் அமலுக்கு வந்ததும், நினைத்தபோது கப்பலேறி வரும் வழி அடைபட்டது. ஏற்கெனவே இங்கிருந்தவர்கள் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்தார்கள்.

1957இல் மெர்டேக்கா கிடைத்தபோது குடியுரிமைக்குக் கதவு திறந்தது. வெளிநாட்டில் பிறந்தவராயின், முந்தைய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். கொஞ்சம் மலாய் தெரிந்திருக்க வேண்டும். மலாய் நம்மவர்களுக்கு ஒரு பொருட்டல்ல, கடையில் நின்றவன் எவனும் பேசுவான். ஆண்டுக் கணக்குத்தான் இடித்தது. நம் மக்களில் பெரும்பாலோர் சபராளிகள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போய், பல மாதம் தங்கித் திரும்பியவர்கள். அந்த மாதங்களையெல்லாம் கழித்துப் பார்த்தால் சிலருக்குக் கணக்கு குறைந்தது. கணக்குச் சரியாக இருந்தவர்களிலும் பலர் விண்ணப்பிக்கவில்லை. 'எப்படியும் ஊருக்குப் போகப் போகிறோம், நீலக் கார்டு எதற்கு?' என்று இருந்துவிட்டார்கள். சிவப்புக் கார்டுக்காரர் நிரந்தரவாசி. இருக்கலாம், உழைக்கலாம், யாரும் கேட்கவில்லை. அன்று அதில் தவறு ஏதும் தெரியவில்லை.

1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவரை வேலைக்கு வைக்க வேண்டுமானால் அவர் பெயரில் பெர்மிட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலாளியும் குற்றவாளி. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு இது கண்டிப்பாக அமலானது. நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் இருந்த நேரம்; குடிமக்களுக்கு வேலை கிடைக்கச் செய்வது நோக்கம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முப்பது, நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவரும் நேற்று வந்தவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். அதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தோட்டத்தில் ஆபீஸ் கிராணி கார்டுகளை வாங்கி நிறம் பிரித்து வைத்தார். லயத்தில் ஒரே வீட்டில் மகனுக்கு நீலம், தகப்பனுக்குச் சிவப்பு. பிள்ளைகளில் பலருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. இங்கே பிறந்ததை நிரூபிக்க வழியில்லை. நாடு முழுவதும் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் அப்போது இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

அந்நாளில் ஹுத்தான் மெலிந்தாங்கில் கடை வைத்திருந்தவர்களுக்கு இது இரண்டு பக்கமும் வெட்டியது. தோட்டத்து மக்கள்தான் வாடிக்கை. சம்பளம் வரும் வரை பற்று எழுதித்தான் அரிசியும் சீனியும் கொடுப்பார்கள். என் அத்தாவின் பற்றுப் புத்தகத்தில் அந்த வருடத்துப் பக்கங்களில் குறுக்குக் கோடு போட்டு, 'கப்பல்' என்று ஒரே சொல் எழுதியிருக்கும். போகிறவர்களிடம் போய் அவர் பாக்கி கேட்கவில்லை. சிலர் தாமாகவே வந்து, ஒரு தோடோ ஒரு சைக்கிளோ கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டுப் போனார்கள்.

இன்னொரு பக்கம், கடையில் நின்ற இரண்டு பேரும் சிவப்புக் கார்டு. அவர்களுக்குப் பெர்மிட் கேட்டுத் தெலுக் ஆன்சனுக்கு (இன்றைய தெலுக் இந்தான்) பல நடை நடந்தார் அத்தா. இந்த வேலைக்குக் குடிமகன் ஒருவர் கிடைக்கமாட்டாரா என்று கேட்டார்களாம். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்ட யாரும் வருவதில்லை என்றாராம். ஒருவருக்குக் கிடைத்தது. மற்றவர் பனைக்குளத்துக்குத் திரும்பினார்; அவருக்கு வயது அப்போது ஐம்பத்தைந்துக்கு மேல். அத்தா அவரை அனுப்பப் பினாங்குத் துறைமுகம் வரை போனார். கடையில் வேலை பார்த்தவரை அனுப்பிவைக்கவும் தாமே முதலாளியாக நிற்க வேண்டியிருந்ததே என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நம் சங்கம் உருவானபோது மூத்தவர்கள் மனுக்கள் எழுதுவதிலும் பாரங்கள் நிரப்புவதிலும் அத்தனை அக்கறை காட்டியதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஜும்ஆவுக்குப் பிறகு யாராவது ஒருவர் கார்டுடனும் பிறப்புப் பத்திரத்துடனும் காத்திருப்பார்.

ஆட்கள் போன பிறகு தோட்டங்கள் கொந்திராக் ஆட்களைத் தேடின. 1984இல் இந்தோனேசியாவுடன் மேடான் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்பின் பங்களாதேஷ், நேப்பாளம். நம் கடைகளுக்கும் ஆள் வெளியிலிருந்துதான் வருகிறது. எடுக்கலாம் என்று ஒரு வருடம் அறிவிப்பு, நிறுத்தம் என்று மறு வருடம் அறிவிப்பு. லெவி, மருத்துவச் சோதனை, புதுப்பிப்பு.

போன மாதம் என் மகன் கடைப்பையன் ஒருவனுடைய கடப்பிதழைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டப் போனான். நகல் எடுத்துக்கொண்டு, அசலை அவன் கையிலேயே கொடு என்றேன். அத்தாவின் சிவப்புக் கார்டு அதே பெட்டியில்தான் இருக்கிறது.