பந்தய மோட்டார்களின் பெயரும் வகுப்பும்

தேயிலைத் தொழிற்சாலையில் ஒரே நாளில் அரைத்த கொழுந்து சல்லடைகளின் வழியே பிரிந்து பல பெயர்களைப் பெறுகின்றது என்பதை நம்மவர் யாவரும் அறிவர். பீ.ஓ.பீ. என்பதும் டஸ்ட் என்பதும் தூளின் பருமனைக் குறிக்கும் பெயர்கள். சுவையின் உயர்வு தாழ்வைக் குறிப்பன அல்ல. எந்த அளவுகோலால் ஒரு பெயர் பிறந்தது என்று அறியாதவன் அப்பெயரால் ஏமாறுவான். மோட்டார்ப் பந்தய உலகில் "ஸ்போர்ட்ஸ் புரொட்டோடைப்" என வழங்கும் வண்டிகளின் வரலாறு இதற்கு நல்லதொரு சான்றாகும்.

மோட்டார்ப் பந்தயம் நம் மலைநாட்டுக்குப் புதிதன்று. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. மலையேற்றப் பந்தயத்தில் வண்டிகள் ஒவ்வொன்றாக மேடேறும், கடிகாரமே நடுவர். ஆயினும் சிறிய எஞ்சினையும் பெரிய எஞ்சினையும் ஒரே தட்டில் நிறுத்தல் நீதியாகுமா? ஆகாது. எனவே எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு வகுப்புப் பிரிக்கும் வழக்கம் ஏற்பட்டது. வகுப்புப் பிரித்தலின் முதல் நோக்கம் நீதி எனலாம்.

இரண்டாம் நோக்கம் உயிர்க் காப்பு. பிரான்சு தேசத்து லே மான்ஸ் நகரில் 24 மணி நேரப் பந்தயம் 1923 முதல் நடைபெறுகின்றது. 1955இல் அங்கே ஒரு வண்டி சிதறிக் கூட்டத்தினுள் விழ, 80 பேருக்கு மேல் மாண்டனர். மறு ஆண்டு புரொட்டோடைப் வண்டிகளின் எஞ்சின் 2.5 லீற்றருக்குள் அடக்கப்பட்டது. புரொட்டோடைப் என்றால் முன்மாதிரி. விற்பனைக்கெனப் பலவாகச் செய்யப்படாதது. ஜகுவார் டீ-டைப் வண்டியோ போதிய தொகையில் செய்யப்பட்டமையால் உற்பத்தி வண்டி எனக் கொள்ளப்பட்டது. ஆகவே அது 3.4 லீற்றர் எஞ்சினுடன் ஓடி வெற்றியும் பெற்றது!

1966இல் சர்வதேச விதிகள் புரொட்டோடைப்புகளை 6ஆம் தொகுதியில் வைத்தன. 1968இல் அவற்றுக்கு 3 லீற்றர் எல்லை வந்தது. ஆனால் 50 வண்டிகள் செய்தவர்க்கு "ஸ்போர்ட்ஸ் கார்" என்ற பெயரும் 5 லீற்றர் வரை உரிமையும் கிடைத்தன. பின்னர் அந்த 50, 25 ஆகக் குறைந்தது. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1969 ஏப்ரலில் 25 "917" வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காட்டியது. 1970, 1971 ஆகிய இரு ஆண்டுகளும் லே மான்ஸ் வெற்றி அதற்கே. 1972இல் விதி மீண்டும் மாறிற்று. 5 லீற்றர் உரிமை ஒழிந்தது. நேற்றுவரை புரொட்டோடைப் எனப்பட்ட 3 லீற்றர் வண்டி "ஸ்போர்ட்ஸ் கார்" ஆயிற்று. வண்டியில் ஓர் ஆணியும் மாறவில்லை, பெயர் மாறிவிட்டது.

1982இல் வந்த "குரூப் சீ" வேறோர் அளவுகோலைக் கொணர்ந்தது. எஞ்சினின் பருமனை விட்டு, 1000 கிலோமீற்றருக்கு 600 லீற்றர் எரிபொருள் என்று வரையறுத்தது. பிற்காலத்தில் எல்.எம்.பீ.1, எல்.எம்.பீ.2 என்னும் பெயர்கள் எழுந்தன. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2012இல் எல்.எம்.பீ.1 வண்டியொன்றை லே மான்ஸில் ஓட்டி, தம் கூட்டாளிகளுடன் ஆறாம் இடம் பெற்றார். 2021இல் அப்பெயரும் மறைந்து "ஹைப்பர்கார்" அதனிடத்தைப் பிடித்தது.

பெயர் வண்டியில் இல்லை, விதி எழுதுவோர் கையில் இருக்கின்றது. பந்தயத்தில் இது ஒரு கிண்ணத்தோடு போகும். மனிதரை வகுக்கும் பட்டியலிலோ அவ்வாறன்று. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் நம் முன்னோர் "இந்தியத் தமிழர்" எனத் தனி வகையாகப் பதியப்பட்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். ஆகவே இளைஞர்களே, எந்த வகைப் பெயரைக் கேட்டாலும், அளந்தவர் யார், அளவுகோல் யாது, அதனால் பயனடைவோர் யாவர் என்று வினவப் பழகுவோமாக.