நட்டவனும் வெட்டுபவனும்: சரவணைப் பனைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மரத்தை நட்டவனே அதனை வெட்டி விற்றுப் பயன்காணும் தொழிலுக்கு மேலைநாட்டு நத்தார் மரச் செய்கை தக்க உதாரணமாகும். ஸ்ராஸ்பேர்க் நகரத்து வீடுகளில் ஊசியிலை மரங்களை நிறுத்தி அலங்கரித்தமை பற்றிய குறிப்பு 1605ஆம் ஆண்டுக்குரியது. 19ஆம் நூற்றாண்டில் இவ்வழக்கம் இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பரவியபோது, வேண்டிய மரங்கள் பெரும்பாலும் காடுகளிலிருந்தே வெட்டப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இம்மரத்துக்கென்றே தோட்டங்கள் தோன்றலாயின. ஆளுயர மரம் 7 முதல் 10 ஆண்டுகளில் விலைக்கு ஆயத்தமாகிவிடும்; வெட்டியதற்கு ஈடாக அடுத்த இளவேனிலில் புதிய கன்று நடப்படும்.

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் மரவாணிபத்தை நோக்குவோர் இதற்கு மாறான காலக்கணக்கொன்றைக் காண்பர். ஒல்லாந்தரால் லெய்டன் எனப் பெயரிடப்பட்ட வேலணைத் தீவிலே அமைந்த ஊர் சரவணை. ஆறு இல்லை, சுண்ணக்கல் நிலம், ஆண்டின் பெரும்பகுதி வறட்சி. இந்நிலத்தில் வேரூன்றிக் கூரைக்கு மரமும், வேலிக்கு ஓலையும், பஞ்சகாலத்துக்கு உணவும் தரவல்லது பனை ஒன்றேயாகும்.

பனம்விதைகளைப் பாத்தியில் அடுக்கினால் சில மாதங்களில் கிழங்கு கிடைக்கும். கிண்டாமல் விடப்பட்டவையும், தோப்பில் தாமாக வீழ்ந்து முளைத்தவையுமே வடலிகளாகின்றன. எனவே, இன்று உண்ணும் கிழங்குக்கும் நாளை நிற்கும் மரத்துக்கும் இடையே ஒரு தெரிவு தொடக்கத்திலேயே நிகழ்கிறது. பாளை தள்ள ஏறத்தாழ 15 ஆண்டுகள் செல்லலாம். அதுவரை அது ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. வீட்டு வேலைக்குரிய வைரம் பாய்வதற்கோ அரை நூற்றாண்டுக்கு மேலாகும். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்னும் பழமொழி இதனையே உணர்த்துகிறது.

முதிர்ந்த பனையின் வைரம் புறத்தே உள்ளது, நடுப்பகுதி மென்மையானது. ஆதலால், வீழ்த்திய மரத்தை ஆப்பிறக்கிப் பிளந்து, உள்மரத்தை நீக்கி, வாய்ச்சியாற் செதுக்கித் தீராந்தி, கைமரம், சிலாகை என ஆக்குவர். கறையான் எளிதில் தீண்டாத இம்மரம் யாழ்ப்பாணத்துக்கு வெளியேயும் விரும்பப்பட்டது. ஒல்லாந்தர் ஆட்சியில் (1658–1795) யானை, சாயவேர், புகையிலை ஆகியவற்றுடன் பனைமரமும் ஏற்றுமதிப் பொருளாயிற்று. ஆங்கிலேயர் காலத்திலும் இவ்வாணிபம் தொடர்ந்தது. வேலணைத் தீவின் ஒரு முனையிலுள்ள ஊர்காவற்றுறை, தென்னிந்தியக் கரையுடன் நடந்த வாணிபத்துக்குரிய துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. பனையின் பயன்களை விரித்து வில்லியம் பெர்குசன் 1850இல் கொழும்பில் நூலொன்று வெளியிட்டமை, அன்றைய நிலையில் அம்மரம் பெற்றிருந்த மதிப்பைக் காட்டும்.

எனினும், இங்கு விற்கப்பட்டது விற்றவன் நட்ட மரமன்று; பாட்டனோ பூட்டனோ கிண்டாமல் விட்டுச்சென்ற மரமாகும். அதற்குரிய கடன், பேரனுக்கென வடலிகளை விட்டுவைத்தலால் மட்டுமே தீரும். எழுதப்படாத இவ்வொப்பந்தத்தின் மீதே பனைமர வாணிபம் நிலைபெற்றிருந்தது எனலாம்.

பிற்காலத்தில் அரசும் இதில் தலையிட்டது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதற் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பெண்பனையை வெட்ட அனுமதி பெறுதல் வேண்டும். 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. ஆயினும், 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக வடபகுதியில் எண்ணற்ற பனைகள் வீழ்ந்தன. அவற்றுக்கு விலை கூறுவாருமில்லை, ஈடாக விதைப்பாருமில்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் கடல்கடந்து குடியேறினர்.

இதனால் நேர்ந்த இழப்பை மரங்களின் தொகையால் மட்டும் அளத்தல் பொருந்தாது. பேரன் இம்மண்ணில் வாழ்வான் என்ற நம்பிக்கையே பனையை நிற்கவிட்டது. இடப்பெயர்வு தகர்த்தது அந்நம்பிக்கையையே. நத்தார் மரத் தோட்டக்காரனுக்கு 10 ஆண்டு அமைதி போதும். பனை விதைப்பவனுக்கோ மூன்று தலைமுறை அமைதி வேண்டும். சட்டம் கோடரியைத் தடுக்கலாம். ஆனால் வடலியை விட்டுவைக்கும் மனத்தை ஆக்க அதனால் இயலாது. எனவே, சரவணையில் எவரேனும் இன்று பனம்விதை ஊன்றுவாராயின், அது இவ்வூரில் நாளையும் மக்கள் வாழ்வர் என்பதற்கான உறுதிமொழியாகவே கொள்ளத்தக்கது.