விளிம்புத் தோட்டாவும் உரிமச் சட்டமும்



விழுப்புரத்தை அடுத்த காணையில் உள்ள என் வீட்டுத் திண்ணைக்கு மாலை வேளைகளில் கல்லூரி மாணவர் சிலர் வருவதுண்டு. அண்மையில் அவர்களுள் ஒருவர், "ஐயா, அமெரிக்காவில் சாதாரண வருவாய் உடையவர்கூடப் பொழுதுபோக்காகக் குறி சுடுவதற்கு மலிவான சுழல் துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள்கிறாராம். இங்கே கடலைக் கொல்லையில் புகும் பன்றியை வெருட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். இது அடிமைக் காலத்து மிச்சம் அல்லவா?" என்று வினவினார். ஒரு சொல்லில் விடை கூறத்தக்க வினா அன்று அது. அன்று அவருக்குக் கூறியதையே இங்கு ஒழுங்குபடுத்திக் கூறுகின்றேன்.

முதலில் பொருளை அறிவோம். பெரிய தோட்டாக்களில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும். சிறு தோட்டா ஒன்றில் அது அடிவிளிம்பைச் சுற்றி இருக்கும்; விளிம்பில் அடி விழுந்தால் வெடிக்கும். இதுவே விளிம்புத் தோட்டா. இதில் பெரிதும் வழங்குவது .22 அங்குல அளவு. ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. விலை குறைவு, உதைப்பும் ஓசையும் குறைவு. தேசிய மாணவர் படையில் சேர்ந்தவர்கள் இதனை அறிவார்கள். நானும் கல்லூரி நாளில் அப்படையின் .22 துப்பாக்கியைத் தோளில் சார்த்தி ஐந்து தோட்டாக்கள் சுட்டிருக்கிறேன். ஒன்றே அட்டையில் பட்டது. ஏனைய நான்கும் எங்கே போயின என்று அன்றிரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

1845ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஃபுளோபேர் என்பவர் வீட்டுக்குள்ளேயே குறி பழகுவதற்காக இத்தகைய சிறு தோட்டாவை அமைத்தார். 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் அவ்வகைத் தோட்டா ஏழினை ஏற்கும் சுழல் துப்பாக்கியை வெளியிட்டது. ஒவ்வொரு முறையும் அதன் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திய பின்னரே விசையை அழுத்திச் சுட இயலும். இதனை ஒற்றை இயக்கம் என்பர்.

அதே 1857இல் நம் நாட்டிலும் ஒரு தோட்டா வரலாற்றை மாற்றிற்று. என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். அதில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவப்பட்டிருப்பதாகச் செய்தி பரவியது. பலகாலம் புகைந்துகொண்டிருந்த மனக்குறை பெருங்கிளர்ச்சியாக மூண்டது. கிளர்ச்சியை அடக்கிய ஆட்சி, மக்கள் கையில் இருந்த படைக்கலங்களைக் கண்டு அஞ்சியது. லிட்டன் பிரபு வைசிராயாக இருந்த 1878இல் ஆயுதச் சட்டம் பிறந்தது. தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்த சட்டமும் அதே ஆண்டில் வந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர் உரிமம் பெற வேண்டும். ஐரோப்பியருக்கோ விலக்கு உண்டு. ஆயுதத்தை ஒழுங்குபடுத்துவது மட்டும் அதன் நோக்கமாக இருந்திருப்பின் நிறத்தைப் பார்க்க வேண்டிய தேவை இராது. குடிமக்கள்மேல் கொண்ட அவநம்பிக்கையே அச்சட்டத்தின் உயிர்.

அத்தகைய சட்டத்தாலும் கோபத்தைப் பூட்டி வைக்க இயலவில்லை. நம் விழுப்புரத்துக்கு அண்மையிலுள்ள புதுச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கே வ. வே. சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி இரயில் நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்டார்.

1931இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக அறிவித்தது. ஆனால் விடுதலைக்குப் பின் நிகழ்ந்தது சிந்திக்கத்தக்கது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அவ்வுரிமையைச் சேர்க்கக் கோரினார். டாக்டர் அம்பேத்கர் ஏற்கவில்லை. குற்றத்தையே தொழிலாகக் கொண்டவரும் அவ்வுரிமையைக் கேட்பாரே என்பது அவர் எழுப்பிய தடை. திருத்தம் தோற்றது. பின்னர் நம்மவரே இயற்றிய 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நிறத்தைப் பார்த்து அளித்த விலக்கு அதில் இல்லை. குடகு மக்களுக்கு வழிவழியாக வந்த விலக்கு மட்டும் இன்றும் தொடர்கிறது.

அமெரிக்கா வேறு வழியிற் சென்றது. 1953இல் ருகர் நிறுவனம் 'சிங்கிள் சிக்ஸ்' என்னும் .22 சுழல் துப்பாக்கியை எளிய விலையில் வெளியிட்டது. பழைய தட்டை விற்களுக்குப் பதில் சுருள் விற்களை அமைத்ததும், மெழுகு வார்ப்பு முறையைக் கையாண்டதும் அந்நிறுவனம் செலவைக் குறைத்த வழிகளாம். சுவாமிமலைச் சிற்பிகள் நடராசர் திருமேனியை வார்க்கும் அடிப்படைக் கருத்தும் அதுவே. மெழுகில் உரு அமைத்து, மேலே கூடு பூசி, மெழுகை உருக்கி நீக்கி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுவர். ஒரே அறிவு ஓரிடத்தில் தெய்வத் திருவுருவாகவும் மற்றோரிடத்தில் துப்பாக்கியாகவும் வடிவு கொள்கிறது.

அம்மலிவுப் பொருளிலும் ஒரு குறை இருந்தது. பழைய ஒற்றை இயக்கத் துப்பாக்கி தவறிக் கீழே விழுந்தால், குதிரை தோட்டாவின்மேல் மோதித் தானே வெடிக்கக்கூடும். ஆகவே அறிந்தோர் ஆறு அறைகளுள் ஒன்றைக் காலியாக விட்டு, அதன்மேல் குதிரையைப் படிய வைத்தனர். விசையை இழுத்தால் அல்லாமல் அடி தோட்டாவைச் சேராதபடி இடையே ஒரு தண்டை ருகர் நிறுவனம் 1973இல் தன் துப்பாக்கிகளில் அமைத்தது. இருபது ஆண்டுக்காலம் அக்காலியறையின் பாதுகாப்பு, வைத்திருப்பவரின் நினைவையே நம்பியிருந்தது.

நம் நாட்டிலோ 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்னும் .32 அளவுச் சுழல் துப்பாக்கியை வெளியிட்டபோது, அதன் விலை ஓர் இலட்சம் ரூபாய்க்கும் மேற்பட்டிருந்தது. பொழுதுபோக்குக்காக அதனை வாங்குவோர் எத்தனை பேர் இருப்பர்?

ஆயினும் குறி சுடும் கலை நம்மிடம் வாடிவிடவில்லை. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்றதும், 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றதும் .22 விளிம்புத் தோட்டாவைக் கொண்டே. நம் அண்டை ஊராகிய கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019இல் உலகக் கோப்பைப் போட்டியில் காற்றுத் துப்பாக்கியால் தங்கம் வென்றார். இருபத்தொரு வயது நிரம்பாதவர் ஆயுத உரிமம் பெற இயலாது எனினும், இளையோரின் குறிப்பயிற்சிக்குச் சட்டம் இடம் தந்திருக்கிறது.

இனி, அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். உரிமம் என்னும் ஏற்பாடு அடிமைக் காலத்தில் வந்ததே, அதில் ஐயமில்லை. ஆனால் அன்று அது அயலார் நம்மேல் இட்ட விலங்கு. இன்று நம் சட்டமன்றம் நமக்கே வகுத்துக்கொண்ட வரம்பு. அவ்வரம்பு செல்வருக்கு எளிதாகவும் கொல்லையைக் காக்கும் எளிய உழவருக்குக் கடினமாகவும் இருக்குமாயின், அதனைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொல்வது குடிமக்களின் கடமை. வேலியைத் திருத்துங்கள், வேலியே வேண்டாம் என்று சொல்வதற்கு முன், என் நான்கு தோட்டாக்களும் எங்கே போயிருக்கும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.