ரப்பருக்கு அடித்த ஒரு வெள்ளி



பாட்டியின் தகரப் பெட்டியைக் கிளறினால் துணியில் முடிந்த பெரிய நாணயம் ஒன்று சில வீடுகளில் அகப்படும். நாம் அதை ஒரு வெள்ளி என்போம். பெயர்தான் வெள்ளி, உலோகம் செம்பும் நிக்கலும். பெட்டியில் இருப்பது 1977-இல் அடித்ததா என்று பாருங்கள். அந்த ஆண்டு, மலாயாவில் ரப்பர் கால்வைத்த நூற்றாண்டு நினைவாக ஒரு வெள்ளி நாணயம் வெளியானது.

1876-இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை கொஞ்சமே. மறுவருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் சாகாமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். தோட்ட முதலாளிகள் முதலில் அவரைப் பைத்தியம் என்றார்கள். பிற்பாடு நம் பாட்டன், பாட்டிமார் விடியுமுன் விளக்கோடு நிரைக்குப் போனது அந்தச் சீவலுக்காகத்தான்.

இதற்கு முந்திய வருஷம், 1976-இல், ஊழியர் சேமநிதியின் 25-ஆம் ஆண்டுக்கும் ஒரு வெள்ளி அடித்தார்கள். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பணத்தின் பெயரில் ஒரு நாணயம்! 1969-இல் பேங்க் நெகாராவின் பத்தாம் ஆண்டு நாணயத்தில் துங்குவின் முகம் இருந்தது.

இவற்றைத் தரம் பிரிப்பது எப்படி? விளக்கைச் சாய்த்துப் பிடித்து, உருவத்தில் மேடாக எழும்பிய இடங்களைப் பாருங்கள். கையில் புழங்கப் புழங்க அவைதாம் முதலில் மழுங்கும். அங்கே தேய்வு இல்லாமல், அச்சில் வந்த மினுமினுப்பும் மாறாதிருந்தால் உயர்ந்த தரம். பையில் உரசிய சிறு கீறல் புதிய நாணயத்திலும் இருக்கும். அதைத் தேய்வென்று எண்ணக் கூடாது. சேகரிப்பாளருக்கென்றே கண்ணாடிபோல் அடித்த நாணயங்கள் வேறு ரகம்.

நாமே ஒரு தப்புச் செய்திருக்கிறோம். தீபாவளிக்கு முதல்நாள் குத்துவிளக்கோடு நாணயத்தையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். பளபளவென்று வந்தது. ஆனால் அது தேய்த்த பளபளப்பு. அச்சின் மினுமினுப்பு போயே போய்விட்டது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோடு கோடாய்க் கீறல். சேகரிப்பாளர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் கீழே வைத்துவிட்டார். மிருதுவான பிளாஸ்டிக் உறையும் ஆகாது. சில வகைகளில் நாளடைவில் பச்சையாய்ப் பிசுபிசுப்பு ஏறும்.

கடையில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கைமாறி மழுங்கிய நாணயத்துக்கு விலை குறைவுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்காக வீசிவிடாதீர்கள். விளிம்பைப் பிடித்தெடுத்து, துடைக்காமல், காகித உறையில் போடுங்கள். எந்தத் தோட்டம், யார் சம்பளத்தில் வந்தது என்பதைப் பாட்டியிடம் கேட்டு, நாணயத்தைப் போடுமுன் உறையின் மேல் எழுதுங்கள்.