மதில்மேல் ஒரு நடை

முதுகில் மூட்டையோடு ஐரோப்பா கிளம்பும் தம்பி தங்கைகளே, ஜெர்மனியில் டவ்பர் ஆற்றுமேட்டில் உள்ள ரோத்தன்பர்க்கில் மதில்மேல் நடந்து பாருங்கள். சித்திரம் மாதிரி ஊர்! முப்பதாண்டுப் போரில், 1631-இல் டில்லியின் படை பிடித்த பிறகு ஊர் நொடிச்சுப்போச்சு. இடித்துக் கட்டக் காசில்லை. அதனால்தான் பழைய வீடுகள் தப்பின. 1945 மார்ச் 31-இல் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் கிழக்குப் பகுதி அழிந்தது. மதிலைத் திரும்பக் கட்டப் பல நாட்டாரும் பணம் தந்தார்கள். நம்ம ஊர்க் கோயில் உபயம் மாதிரி அவர்கள் பெயர் கல்லில் இருக்கு. ஆனால் 1938 அக்டோபரில், எஞ்சியிருந்த யூதர்களை இதே ஊர் விரட்டியது. கொடுத்தவர் பெயரை நடந்தபடியே படித்துவிடலாம். துரத்தப்பட்டவர் கதையை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டுவிட்டு வாருங்கள்.