குடிவந்த மரமும் குடியிருந்த மரமும்

அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை கலைந்த நேரம். கொடைக்கானல் போய்த் திரும்பியிருந்த என் பேத்தி, ஒரு பைன் காயை என் கையில் வைத்தாள்.

"தாத்தா, ஆதிகாலத்திலிருந்து நம்ம மலையிலே இருக்கிற மரமாம் இது!"

எதிரே, வேலமும் உசிலையும் வாடி நின்ற கரடு. குழந்தையின் மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லை. பொய்யை வளர்க்கவும் மனமில்லை. கொடைக்கானல் பைன்கள் மனிதர் கொண்டுவந்து நட்டவை என்றேன்.

"அந்த ஜாதியிலே நமக்கென்று ஒன்றுகூட இல்லையா?"

இருக்கிறது, ஒன்றே ஒன்று! தேவதாரும் பைனும் இமயத்துக்குச் சொந்தம். விந்தியத்துக்குத் தெற்கே அந்த வர்க்கத்தில் தானாக முளைத்து வளர்வது நிறம்பல்லி மட்டுமே. அகத்தியர் மலையிலும் ஆனைமலையிலும், மழை ஓயாத பசுங்காடுகளின் நிழலில் அது வாழ்கிறது. அதன் நெருங்கிய சுற்றத்தார் பலர் இருப்பதோ நியூசிலாந்து போன்ற தென்கோளத்து நாடுகளில்!

சாத்திரப் பெயரில் வாலிச் என்ற டேனிஷ் வைத்தியரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் தரங்கம்பாடியைப் போலவே டேனிஷ்காரர் வசமிருந்த வங்காளத்துச் செராம்பூருக்கு 1807-இல் வந்தவர் அவர். மறு வருஷம் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது கைதியானார். கைதியே பிற்பாடு கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைவரானார்! விதியின் விளையாட்டைப் பாருங்கள்.

வைத்தியருக்கு விடுதலை கிடைத்தது. மரத்தின் வீட்டுக்கோ ஆபத்து வந்தது. 1890-களிலிருந்து ஆனைமலையில் வால்பாறைப் பக்கத்துக் காடுகள் தேயிலைக்கும் காப்பிக்கும் வழிவிட்டன. இம்மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. ஒரு சரிவில் மிஞ்சிய சிலவற்றில் பெண் மரங்கள் விழுந்துவிட்டால், ஆண் மரம் நூறு வருஷம் நின்றாலும் அங்கே வாரிசு ஏது? 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமாயிற்று. புலிக்குப் போட்ட வேலி இந்த மரத்துக்கும் துணையாயிற்று.

பேத்திக்குக் காகிதத்தில் ஓர் இலை வரைந்து காட்டினேன். ஊசி இல்லை, அகன்ற இலை. நடுநரம்பு கிடையாது, மூங்கில் இலைபோல் நெடுக ஓடும் மெல்லிய கோடுகள் மட்டும்.

"சாதாரண இலை மாதிரிதானே இருக்கு, தாத்தா?"

"அதனால்தான் அம்மா, வெட்டியவனுக்கும் அது இன்னதென்று தெரியவில்லை" என்றேன்.

பைன் காயைப் பையில் போட்டுக்கொண்டாள். படத்தை மட்டும் கசங்காமல் புத்தகத்துக்குள் வைத்தாள்.